108 தம்பி சொன்னதை நான் காதில் வாங்காத இரவு

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டு வச்சுக்கிட்டு பொறுமையா படிங்க.

போன வாரம் கிளினிக்கில் ஒரு பெரியவரின் மகன் கேட்டார். "டாக்டர், நடு ராத்திரியில அப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா 108-க்கு போன் பண்ணணுமா, இல்ல நானே கார்ல போட்டுக் கொண்டு வந்துடலாமா? வாசல்லயே கார் நிக்குது. 108-ம் வண்டிதானே?"

நியாயமான கேள்வி. நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம். சைரன் வச்ச ஒரு பெரிய இலவச வண்டி. டிரைவர் ஒருத்தர், கூடவே ஸ்ட்ரெச்சர் பிடிக்க ஒரு தம்பியோ தங்கச்சியோ.

அவருக்கு நான் சொன்ன பதிலுக்கு முன்னாடி, நான் வெட்கப்படுற ஒரு சம்பவத்தைச் சொல்லிடறேன்.

பல வருஷத்துக்கு முன்னால், ஒரு தாலுகா அரசு மருத்துவமனையில் எனக்கு இரவுப் பணி. அங்கே சி.டி. ஸ்கேன் கிடையாது. மணி பதினொன்றரை இருக்கும். 108-ல் ஒருவரைக் கொண்டு வந்தார்கள். நாற்பது வயது, பைக்கிலிருந்து விழுந்திருக்கிறார். தலையில் சின்னக் காயம், ரத்தம்கூட நின்றுவிட்டது. ஆனால் கிட்டப் போனாலே சாராய வாடை. கூப்பிட்டால் முனகுகிறார், கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறார்.

அன்னைக்கு ஏற்கெனவே அதே மாதிரி ரெண்டு பேர் வார்டுல போதையில தூங்கிக்கிட்டு இருந்தாங்க. இவர் மூணாவதுன்னு நான் முடிவே பண்ணிட்டேன்.

கூட வந்த இ.எம்.டி. தம்பி சொன்னார். "சார், ஸ்பாட்ல நல்லாப் பேசினார் சார். பேரு, ஊரு, வீட்டம்மா போன் நம்பர் எல்லாம் அவரே சொன்னார். வண்டியில ஏத்தி ஒரு பத்து நிமிஷம் கழிச்சுதான் இப்படி ஆனார்."

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "குடிச்சிருக்கார்ல தம்பி, அப்படித்தான் இருப்பாங்க. ஷீட்டை வச்சுட்டுப் போங்க."

அவர் போகவில்லை. வண்டியை எப்போ விடுவீங்கன்னு கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் மேல் போன். வாசலில் பைலட் கையைக் காட்டிக் கூப்பிடுகிறார் (108-ல் டிரைவரை பைலட் என்றுதான் சொல்வார்கள்). இவர் அந்தக் கேஸ் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் நிற்கிறார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. ஸ்பாட்ல ஜி.சி.எஸ். 15 சார். நானே பார்த்து எழுதியிருக்கேன். இப்போ 10-கூட இருக்காது. குடிச்சவங்க நேரம் ஆக ஆகத் தெளியத்தானே சார் செய்வாங்க?"

ஜி.சி.எஸ். என்பது நினைவின் அளவு. 3-லிருந்து 15 வரை மார்க் போடுவோம். 15 என்றால் முழு நினைவு.

எழுந்து போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது கண் பாப்பா விரிந்து கிடந்தது. வெளிச்சம் பட்டும் சுருங்கவில்லை.

எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு.

மருத்துவம் படித்த எல்லாருக்கும் பாடப் புத்தகத்தில் வரும் விஷயம்தான் இது. மண்டை ஓட்டுக்கும் மூளையின் உறைக்கும் நடுவில் ரத்தம் கசியும். அடிபட்டவர் ஆரம்பத்தில் தெளிவாகப் பேசுவார், தண்ணீர் கேட்பார், "ஒண்ணுமில்லப்பா, வீட்டுக்குப் போறேன்" என்பார். உள்ளே ரத்தம் சேரச் சேர மூளையை நசுக்கும். அந்த நடுவில் இருக்கும் தெளிவான நேரம்தான் நோயைக் காட்டிக் கொடுக்கும் துப்பு. அதைப் பார்த்தது ரோட்டோரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்த அந்தத் தம்பி மட்டும்தான். நான் எத்தனை டிகிரி வாங்கியிருந்தாலும் அந்தப் பத்து நிமிஷம் என் கண்ணுக்கு வரப் போவதில்லை. அவர் சொல்லணும், நான் கேட்கணும். அவர் சொன்னார். நான் கேட்கலை.

மானிட்டால் ஏற்றி, அதே வண்டியில் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினேன். என்ன ஆனார்னு கடைசியில சொல்றேன்.

இப்போ அந்த மகனுக்குச் சொன்ன பதில்.

108-ல் வருகிறவர் அவசரகால மருத்துவ உதவியாளர், சுருக்கமா இ.எம்.டி. வெளிநாட்டில் பாராமெடிக் என்று சொல்கிற வேலைக்கு நம்ம ஊரில் மிகப் பக்கத்தில் இருப்பவர் இவர்தான். நர்ஸிங்கோ, உயிரியல் சார்ந்த ஒரு பட்டமோ முடித்து, அதற்கு மேல் அவசர சிகிச்சைக்கான பயிற்சி எடுத்துவிட்டு வண்டியில் ஏறுகிறார். அந்த வண்டியில் ஆக்சிஜன் இருக்கிறது. தொண்டையில் சேரும் ரத்தத்தையும் வாந்தியையும் உறிஞ்சி எடுக்க சக்‌ஷன் மெஷின் இருக்கிறது. மூச்சு நின்றால் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் ஆம்பு பேக், கழுத்தெலும்பை அசையாமல் பிடிக்கும் காலர், முதுகுக்கு ஸ்பைன் போர்டு, குளுக்கோமீட்டர், பிரசவ கிட் எல்லாம் இருக்கிறது. கட்டுப்பாட்டு மையத்தில் ராத்திரி பகலாக டாக்டர்கள் இருப்பார்கள். வண்டியிலிருந்தே அவர்களிடம் போனில் கேட்டு மருந்து கொடுக்க முடியும்.

உங்க காரில் என்ன இருக்கு? ஏ.சி. இருக்கு.

கிண்டல் பண்ணலைங்க. கேஷுவாலிட்டியில் உட்கார்ந்திருக்கும்போது கார்களில் வந்து இறங்கினவங்களைப் பார்த்திருக்கேன். விபத்தில் மயங்கிய ஒரு பையனை நாலு பேர் பதறித் தூக்கி, காரின் பின் சீட்டில் உட்கார வைத்து, ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் பிடித்துக்கொண்டு வருவார்கள். தலை முன்னால் தொங்கும். நினைவில்லாதவருக்கு நாக்கு பின்னால் சரிந்து மூச்சுக்குழாயை அடைக்கும். கழுத்தும் மடிந்தால் கதை முடிந்தது. ஆக்சிஜன் போகாத மூளை நாலைந்து நிமிஷத்திலேயே சேதமாக ஆரம்பித்துவிடும். அந்தப் பையனுக்கு உயிர் போகிற காயமே இல்லை என்று போஸ்ட்மார்ட்டத்தில் தெரியும்போது, கொண்டு வந்த நாலு பேரிடம் அதை எப்படிச் சொல்வது? நான் சொன்னதில்லை. நல்ல மனசோட ஓடி வந்தவங்க அவங்க.

தாடையைக் கொஞ்சம் முன்னுக்குத் தூக்கிப் பிடிக்க ஒரு பயிற்சி பெற்ற கை இருந்திருந்தால் போதும்.

இன்னொரு வீட்டுக் கதை. அறுபது வயது அம்மா, சுகர் மாத்திரை போடுகிறவர். ராத்திரி மாத்திரையைப் போட்டுவிட்டு, பசிக்கலைன்னு சாப்பிடாமல் படுத்துவிட்டார். காலையில் எழுப்பினால் எழவில்லை, ஒரு பக்கம் தொங்குகிற மாதிரி இருக்கு. வீடே பக்கவாதம்னு அழுகிறது. 108-ல் வந்த பெண் இ.எம்.டி. முதலில் செய்தது விரலில் குத்திச் சுகர் பார்த்ததுதான். 34. நரம்பில் ஊசி போட்டுக் குளுக்கோஸ் ஏற்றினார். வண்டி தெரு முனையைத் தாண்டுவதற்குள் அந்த அம்மா கண்ணைத் திறந்து, "என்னை எங்கடா கூட்டிட்டுப் போறீங்க? வாசல் தெளிச்சாச்சா?" என்று கேட்டாராம். இதே அம்மாவைக் காரில் முக்கால் மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்திருந்தால், குளுக்கோஸ் இல்லாமல் கிடந்த அந்த மூளை எந்த நிலையில் வந்து சேர்ந்திருக்கும்னு நினைச்சா எனக்குப் பயமா இருக்கு.

கட்டு விரியன் கதை இதைவிட மோசம். ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பல நேரம் வலிகூட இருக்காது. கொஞ்ச நேரத்தில் இமை சொருகும், பேச்சு குழறும், மூச்சுத் தசைகள் செயலிழக்கும். விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில்தான். அதுவரை? பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தர் ஆம்பு பேக்கை அழுத்திக்கொண்டே வரணும். ஆறு விநாடிக்கு ஒரு அழுத்து. 40 நிமிஷப் பயணத்துக்கு 400 தடவை. வளைவில் வண்டி சாயும், பள்ளத்தில் தூக்கிப் போடும், கை விடக் கூடாது. அவர் பெயர் நோயாளியின் குடும்பத்துக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் ஆகும்போது ஸ்வீட் பாக்ஸ் எங்களுக்குத்தான் வரும்.

"டாக்டர், அதெல்லாம் சரி, 108 வர லேட்டாகுமே" என்பீர்கள். சில இடங்களில் ஆகும். மலைக் கிராமங்களிலும் பெருநகர டிராபிக்கிலும் ஆகத்தான் செய்கிறது, அதை நான் மறுக்கலை. ஆஸ்பத்திரி உங்க தெருவிலேயே இருக்குன்னா தூக்கிக்கிட்டு ஓடுங்க. ஆனால் மற்ற நேரத்தில் முதல் போன் 108-க்கு. வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கு என்று கேளுங்க, அதுக்கப்புறம் முடிவு பண்ணுங்க.

தாமதத்தில் நம்ம பங்கும் கொஞ்சம் உண்டு. போனில் கேள்வி கேட்டால் "கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கீங்க, முதல்ல வண்டிய அனுப்புங்க"ன்னு கத்திட்டுக் கட் பண்ணிடறோம். அந்தக் கேள்விகளை வைத்துத்தான் எந்த வண்டியை எங்கே அனுப்புவது என்று அவர்கள் முடிவு பண்ணுவார்கள். "மாரியம்மன் கோயில் பக்கத்துல" என்று அடையாளம் சொல்கிறோம். நம்ம ஊர்ல எத்தனை மாரியம்மன் கோயில் இருக்குன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. ஊர், தாலுகா, மெயின் ரோட்டிலிருந்து எந்தப் பக்கம் என்று சொல்லுங்க. போனை எங்கேஜ்ட் ஆக்காதீங்க. ஒரு ஆளை டார்ச்சோடு தெரு முனையில் நிறுத்துங்க.

வண்டி வந்த பிறகு நடப்பதுதான் எனக்கு இன்னும் கோபம் வர்ற இடம்.

இ.எம்.டி. இறங்கி நாடி பிடிப்பார், பி.பி. பார்ப்பார், காலுக்குக் கட்டை வைத்துக் கட்டுவார். சுத்தி நிற்கிற கூட்டத்துக்குப் பொறுக்காது. "என்னய்யா இங்கயே வச்சு நோண்டிக்கிட்டு இருக்கே, தூக்கிப் போட்டுக் கிளம்பு!" சட்டையைப் பிடித்தவர்களும் உண்டு. ஒரு பக்கம் சோடா தெளிக்கிறாங்க, ஒரு பக்கம் மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணி ஊத்துறாங்க, வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறாங்க, பத்து பேர் வீடியோ எடுக்கிறாங்க. பூச்சி மருந்து குடித்தவருக்கு வாந்தி வரட்டும்னு சாணியைக் கரைத்துப் புகட்டி, அது நுரையீரலுக்குப் போய், விஷத்தில் பிழைத்தவர் சாணியில் போன கதைகள் எங்க வார்டுகளில் உண்டு.

அந்த ரெண்டு மூணு நிமிஷம் அவர் செய்வது வைத்தியம். உடைந்த தொடை எலும்பைக் கட்டாமல் தூக்கினால், உள்ளேயே லிட்டர் கணக்கில் ரத்தம் கசியலாம். அடிபட்ட கழுத்தைத் தப்பாகத் திருப்பினால், நடந்து போக வேண்டியவர் ஆயுசுக்கும் படுக்கைதான்.

அடுத்த சண்டை, எந்த ஆஸ்பத்திரி என்பது. எங்க மாமாவுக்குத் தெரிஞ்ச டாக்டர் அங்க இருக்கார், அங்கதான் போகணும் என்பார்கள். பக்கவாதம் என்றால் ஸ்கேன் இருக்கும் இடம் வேண்டும், தலைக்காயம் என்றால் மூளை அறுவை செய்யும் இடம் வேண்டும். எங்கே என்ன இருக்கு என்பது அவர்களுக்குத் தெரியும். நோயாளி வருகிறார் என்று முன்கூட்டியே அந்த ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லவும் அவர்களால் முடியும். சாலை விபத்து என்றால் செலவை நினைத்து ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் தொடங்கின 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம்தான்.

போலீஸ் கேஸ் ஆகும்னு பயந்து ஒதுங்காதீங்க. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவு உதவி செய்தவரைப் பாதுகாக்குது. பேர், அட்ரஸ் சொல்லணும்னுகூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

இந்த வேலை உலகத்தில் எப்படி ஆரம்பித்தது என்பதற்கு ஒரு கிளைக்கதை. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை, அதனால சொல்லிடறேன்.

1960-களில் அமெரிக்காவின் பல ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டியது இறுதிச் சடங்கு நடத்துகிற நிறுவனங்கள். பிணம் ஏற்றும் அதே வண்டியில் நோயாளியையும் ஏற்றுவார்கள். பிட்ஸ்பர்க் நகரத்தில் போலீஸ் வேனில் அள்ளிப் போட்டுக் கொண்டு போவார்கள். அங்கே பீட்டர் சஃபார் என்று ஒரு மயக்கவியல் டாக்டர். இன்று நாம் செய்யும் சி.பி.ஆர்.-ஐ உருவாக்கியவர்களில் ஒருவர். 1967-ல் 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்ற ஆம்புலன்ஸ் சேவை அங்கே தொடங்கியபோது, அவர் பயிற்சி கொடுத்தது அந்த ஊரின் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் வேலையில்லாமல் இருந்த இளைஞர்களுக்கு. எதுக்கும் லாயக்கில்லாதவங்கன்னு ஊர் முத்திரை குத்தி வச்சிருந்த பசங்க. அவர்கள் ரோட்டில் வைத்தே உயிரைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். பின்னாளில் அவர்களை வழிநடத்திய டாக்டர் நான்சி கரோலின் எழுதிய பாடங்கள்தான் அந்த நாட்டின் பாராமெடிக் பயிற்சிக்கு அடிப்படை ஆனது. 1975-ல் நகர நிர்வாகம் சேவையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அந்த இளைஞர்களில் பெரும்பாலானவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்பட்டார்கள்.

அந்தக் கடைசி வரி நமக்கும் பொருந்திடுமோன்னுதான் என் கவலை.

நம்ம நாட்டில் 108 முதலில் 2005-ல் ஹைதராபாத்தில் வந்தது, 2008-ல் தமிழ்நாட்டுக்கு. அன்று இருபத்தி மூணு வயதில் வண்டி ஏறியவருக்கு இன்று நாற்பது. அவர் இன்னும் அதே இ.எம்.டி.தான். 12 மணி நேர ஷிஃப்ட். 8 மணி நேர வேலையும் ஊதிய உயர்வும் கேட்டு இந்த ஊழியர்கள் பல தடவை போராடியிருக்கிறார்கள். சேவை அரசு - தனியார் கூட்டில் நடப்பதால், அவர்கள் அரசு மருத்துவமனைக்கு நோயாளியைக் கொண்டு வருவார்களே தவிர அரசு ஊழியர் கிடையாது. ஆயிரம் பிரசவ வலியையும் மாரடைப்பையும் பார்த்த அந்த அனுபவத்துக்கு மேலே ஏறிப் போக ஒரு படிக்கட்டு இல்லை. 2021-ல் வந்த துணை மருத்துவத் துறையினருக்கான தேசியச் சட்டம் அவசர மருத்துவத் தொழில்நுட்பரையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பட்டியலில் பேர் வந்தது நல்லது. ஆனா அந்தப் பேரை வச்சு ஒருத்தர் வீட்டுக் கடன் வாங்க முடியுமா?

எல்லா இ.எம்.டி.யும் கெட்டிக்காரர் என்று சொல்ல மாட்டேன். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்காமலே மாஸ்க்கை மட்டும் மாட்டிக் கொண்டு வந்தவரையும் பார்த்திருக்கேன், அன்னைக்குத் திட்டவும் செய்தேன். ஆனால் திறமை வருகிற நேரத்தில் பலர் வேலையை விட்டு வேறு எங்காவது போய்விடுகிறார்கள். போகாம என்ன செய்வாங்க?

கோவிட் ரெண்டாவது அலை நினைவிருக்கா? 2021 மே மாதம். சென்னையில் பெரிய அரசு மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றன. படுக்கை கிடைக்கும்வரை வண்டியே வார்டு. அந்த வெயிலில், பிளாஸ்டிக் கவச உடைக்குள், சிலிண்டர் தீர்வதைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் இவர்கள். அதுக்கு முந்தின வருஷம் நாம கைதட்டினோம்.

என் சக டாக்டர்களுக்கும் ஒண்ணு சொல்லணும். (இதைப் படிச்சுட்டுச் சில பேர் என்கூடச் சண்டைக்கு வருவாங்க, பரவாயில்லை.) 108-லிருந்து நோயாளியை இறக்கும்போது முப்பது விநாடி அவர்களைப் பேச விடுங்க. கேஸ் ஷீட்டைக் கையில் வாங்கிப் படிங்க. வண்டிச் சத்தத்தில், டார்ச் வெளிச்சத்தில் எழுதினது, கையெழுத்து கோணலாத்தான் இருக்கும். எனக்கு மட்டும் கையெழுத்து நல்லா இருக்கா என்ன?

அந்த பைக் விபத்துக்காரருக்கு அன்று இரவே ஆபரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டார். பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று மெடிக்கல் காலேஜில் இருந்த நண்பர் போனில் சொன்னார்.

அதுக்கப்புறம் ஒரு வாரம் கழித்து, மருத்துவமனைக்கு எதிர் டீக்கடையில் அந்தத் தம்பியைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். உட்காருங்கன்னு சொன்னேன்.

"சார், அன்னைக்கு அந்தத் தலைக்காயம்... அந்த ஆளு இருக்காரா சார்?"

அவருக்கு யாரும் சொல்லவே இல்லை. மூணு வாரமா தெரியாமலே வண்டியில் சுத்திக்கிட்டு இருந்திருக்கார். எனக்குத் தெரிஞ்சும், அவரிடம் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லை.

"வீட்டுக்குப் போயிட்டாருப்பா. நல்லா இருக்கார்"னு சொன்னேன். அன்னைக்கு நான் பேசினதுக்கு மன்னிப்பும் கேட்டேன். அதை அவர் கவனிச்ச மாதிரியே தெரியலை. திரும்பி பைலட் அண்ணனைப் பார்த்து, "அண்ணே, அன்னைக்கு பைக்ல விழுந்தாரே, அவரு வீட்டுக்குப் போயிட்டாராம்"னு சத்தமாச் சொன்னார். பைலட் வண்டி ஜன்னலிலிருந்து கையைத் தூக்கிக் காட்டினார். அதுக்குள்ள போன் அடிச்சிடுச்சு. பாதி டீயை அப்படியே வச்சுட்டு ஓடினார்.

டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.